மண்ணுளி, உடும்பு, பச்சைக்கிளி: வாங்குவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்டவருக்கு

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மச்சானிடம் ஒரு புரோக்கர் வந்து, மூன்று கிலோ எடையில் மண்ணுளிப் பாம்பு ஒன்று இருக்கிறது, இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தால் கோடிக்கு விற்கலாம் என்கிறாராம். அப்பாவுக்குத் தீராத இடுப்பு வலி. உடும்பு எண்ணெய் வாங்கித் தேய்க்கலாமா என்று வீட்டில் பேச்சு. மகள் ஒரு பச்சைக்கிளி வளர்க்கிறாள்; அது குற்றம் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். கடைசியில் இப்படி முடிக்கிறார்: "செம்மரத்தையும் யானைத் தந்தத்தையும் கடத்துகிற பெரிய ஆட்கள் எங்கோ இருக்கிறார்கள். நாங்கள் ஒரு பாட்டில் எண்ணெய் வாங்குவதால் என்ன ஆகிவிடும்?"

நான் இந்தப் பகுதியில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். அன்றாடம் மாடும் ஆடும்தான். வனத்துறை பறிமுதல் செய்து கொண்டுவரும் உயிர்களைப் பார்க்கவும் அவ்வப்போது கூப்பிடுவார்கள். அதனால் இந்த நான்கு கேள்வியும் எனக்குப் பழக்கமானவை. கடைசிக் கேள்விதான் பெரியது. ஆனால் அவசரம் மச்சானுக்கு என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள். மண்ணுளி, இருதலை மணியன், இருதலைப் பாம்பு என்று நம் பக்கம் சொல்வதெல்லாம் ஒன்றுதான். இளகிய மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் விஷமில்லாத பாம்பு. வால் நுனி மழுங்கலாக இருப்பதால் தலை மாதிரி தெரியும். வித்தை காட்டுகிறவர்கள் சிலர் அந்த வாலில் சூடு வைத்து, கண்ணும் வாயும் போலத் தழும்பு உண்டாக்குவதும் உண்டு. இரண்டு தலையும் கிடையாது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தலை மாறுவதும் கிடையாது. நன்றாக வளர்ந்த பாம்பே ஒரு கிலோவைத் தாண்டுவது அரிது. மூன்று கிலோ என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். புற்றுநோய்க்கு மருந்து, எய்ட்ஸுக்கு மருந்து, அரபு நாட்டில் வாங்குகிறார்கள் என்பார்கள். அப்படி ஒரு மருந்து உலகத்தில் எங்கேயும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மச்சானிடம் வந்த புரோக்கருக்கு மேலே ஒரு புரோக்கர் இருப்பார். அவருக்கு மேலே ஒரு "பார்ட்டி" சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பதாகச் சொல்வார்கள். அந்தப் பார்ட்டியும் இன்னொருவருக்கு விற்கத்தான் வாங்குகிறார். எவ்வளவு தூரம் போனாலும், இந்தப் பாம்பை வாங்கி இன்ன காரியத்துக்குப் பயன்படுத்தினேன் என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்கமாட்டார். அரிசியை இழுக்கும் கலசம், இரிடியம் என்று ஊர் ஊராக நடக்கிற ரைஸ் புல்லிங் மோசடியும் இதே மாதிரிதான். ஒரு வித்தியாசம், கலச மோசடியில் போவது பணம் மட்டும். இங்கே ஒவ்வொரு "ஆர்டருக்கும்" யாராவது கடப்பாரையோடு கொல்லை மேட்டைத் தோண்டுகிறார்கள். நிஜமான பாம்பு ஒன்று பானையிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் கிடந்து, எடை போதவில்லை என்று கை மாறி மாறிச் சாகிறது. வேர்க்கடலைக் கொல்லையில் எலியைத் தின்றுகொண்டிருந்த உயிர் அது. எலிக்கு விஷம் வாங்க நாம் கடைக்குப் போகிறோம்.

பணம் போனால் போலீஸில் புகார் கொடுக்கவும் முடியாது. பாதுகாக்கப்பட்ட உயிரை வாங்க முயன்றேன் என்று எழுதிக் கொடுக்க யார் வருவார்கள்? புரோக்கர்களுக்குத் தைரியம் கொடுப்பதே அதுதான்.

சரி, அப்பாவின் இடுப்புக்கு வருகிறேன்.

உடும்புக்குப் பிடி வலு. கோட்டைச் சுவரில் உடும்பைக் கட்டி ஏறினார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். அந்த வலு நமக்கும் வரும் என்ற நம்பிக்கையில்தான் கறி, ரத்தம், எண்ணெய், நாக்கு எல்லாமே விலை போகிறது. உடும்பின் கொழுப்பு என்பது கொழுப்புதான். வேறு எந்தப் பிராணியின் கொழுப்பும் செய்யாத எதையும் அது செய்வதில்லை. சூடு பண்ணி அழுத்தித் தேய்க்கும்போது தசைக்குக் கொஞ்சம் சுகமாக இருக்கும். அந்தச் சுகம் நல்லெண்ணெயிலும் கிடைக்கும். பச்சை ரத்தம் குடிப்பதைப் பற்றி மருத்துவராக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி சர்வ சாதாரணமாக இருக்கும். வயசானவர்களுக்கு அது வயிற்றுப்போக்கோடு நிற்காமல் ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்புறம், பாட்டிலில் விற்பது உடும்பு எண்ணெய்தான் என்று எப்படித் தெரியும்? பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது. போலியாக இருந்தால் உங்கள் பணம் போயிற்று. நிஜமாக இருந்தால் ஒரு உடும்பு போயிற்று. இரண்டிலும் அப்பாவுக்கு வலி அப்படியே இருக்கிறது. 1900-லிருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் நம்முடையது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். தண்டுவடத் தட்டா, தசையா, எலும்புத் தேய்மானமா என்று தெரிந்துகொண்டால் அதற்கேற்ற பயிற்சியும் மருந்தும் கொடுப்பார்கள்.

அந்தப் பாட்டிலுக்குப் பின்னால் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை வனச்சரக அலுவலகத்தில் என் முன்னால் ஒரு சிமெண்ட் சாக்கை அவிழ்த்தார்கள். உள்ளே நான்கு உடும்புகள், நான்கும் உயிரோடு. கால்களை முதுகுக்கு மேலே மடக்கி வைத்திருந்தது. கயிறு எதுவும் தெரியவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. விரலை ஒடித்து, உள்ளிருக்கும் நரம்பை நீளமாக இழுத்தெடுத்து, அந்த நரம்பையே கயிறாக்கி ஒரு காலோடு இன்னொரு காலை முடிந்திருக்கிறார்கள். வேட்டையில் இது பழைய முறை. பிராணி ஓடாது, கடிக்கத் திரும்பாது, நாள்கணக்கில் உயிரோடும் இருக்கும். உயிரோடு இருந்தால்தான் "பிரெஷ்" என்று விலை. முடிச்சை வெட்டிவிட்டேன். ஆனால் நரம்பு போன விரல் திரும்ப மடங்காது. வளை தோண்டுவதற்கும் மரத்தைப் பற்றுவதற்கும் அந்த விரல்தான் வேண்டும். இரண்டு உடும்புகள் அங்கேயே செத்தன. மற்ற இரண்டையும் காட்டில் விட்டார்கள். அவை பிழைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடம். வேட்டையாடினாலும் வாங்கினாலும் வைத்திருந்தாலும் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம் சிறை. 2022-ல் திருத்தி 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த சட்டப்படி குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய். இன்னொரு பிரிவையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பொருள் உங்கள் கையில் இருந்தது என்று நிரூபணமானால், அது சட்டப்படி வந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. "கடையில் விற்றான், வாங்கினேன்" என்பது பதில் ஆகாது.

தெரியாமலே உடும்பை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். "ஹத்தா ஜோடி" என்று, இரண்டு கை கூப்பியது போன்ற ஒரு வேரை அதிர்ஷ்டத்துக்காகப் பூஜையில் வைக்கச் சொல்லி ஆன்லைனில் விற்றார்கள். அது வேரே இல்லை, ஆண் உடும்பின் காய்ந்த இனப்பெருக்க உறுப்பு என்று 2017-ல் ஒரு விசாரணையில் வெளியே வந்தது. பூஜை அறையில் அதை வைத்துக் கும்பிட்ட குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. திருவிழாக் கடைகளில் விற்கிற நரிக்கொம்பும் இப்படித்தான். நாய்க் குடும்பத்தில் எந்தப் பிராணிக்கும் கொம்பு முளைக்காது. மண்டையோட்டுத் துண்டையும் மயிரோடு தோலையும் வைத்துச் செய்கிறார்கள். அதற்காக நரி சாகிறது.

கஞ்சிராவைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாத்தியத்துக்குப் பரம்பரையாகவே உடும்புத் தோல்தான். நாதத்துக்கு அதுதான் என்று உறுதியாக நம்பிய வித்வான்களே இருந்தார்கள். இன்று ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் வாசிக்கிற கலைஞர்கள் இருக்கிறார்கள், கச்சேரியும் நடக்கிறது. காதால் வித்தியாசம் சொல்லக்கூடிய அவர்களே மாறிக்கொள்ள முடிந்தது என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

மகளின் கிளியைப் பற்றி. ஆமாம், குற்றம்தான். நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1990-91 முதல் தடை. பச்சைக்கிளி இப்போது இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ விதிக்கலாம். ஆனால் மகளைத் திட்டாதீர்கள், பயமுறுத்தாதீர்கள். அவள் அதன்மேல் வைத்திருக்கிற பாசம் நிஜம். கிளி எங்கிருந்து வந்தது என்று மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். தை முதல் பங்குனி வரை தென்னை, பனைப் பொந்துகளில் குஞ்சு இருக்கும். மரம் ஏறி, பொந்தை உடைத்து, கண் திறந்தும் திறக்காததுமாக எடுக்கிறார்கள். கூடையில் அடுக்கிக் கொண்டுபோகும்போது பாதி வழியிலேயே பல சாகும். பொந்து உடைந்த மரத்தில் அடுத்த வருடம் முட்டை வைக்க இடமில்லை. பிழைத்த ஒன்றின் இறக்கையை வெட்டி ஒருவர் வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். எப்போதும் கூட்டமாக இருக்கும் பறவை அது. தனிக் கூண்டில் தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டு மார்பு மொட்டையாகி என்னிடம் வரும் கிளிகளைப் பார்க்கிறேன். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கூண்டைத் திறந்து விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. அன்று சாயங்காலமே காக்கையிடம் மாட்டிக்கொள்ளும். பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் கொண்டுபோய் ஒப்படையுங்கள். தானாக முன்வந்து கொடுக்கிறவர்களை அதிகாரிகள் துரத்தி நான் பார்த்ததில்லை. இறக்கை முளைக்கும் வரை வைத்திருந்து, பறக்கப் பழக்கி, கூட்டம் இருக்கிற இடமாகப் பார்த்து விடுவார்கள். மகளுக்குப் பறவை வேண்டும் என்றால், கூண்டிலேயே பல தலைமுறையாக வளர்ந்து வருகிற பட்ஜி, காக்கட்டீல் போன்ற பறவைகள் இருக்கின்றன. அவற்றுக்கு அனுமதி தேவையில்லை. மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, சன் கோனூர் என்று ஆசைப்பட்டால் அது வேறு விஷயம். வன உயிர்களுக்கான சர்வதேச வணிக ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் அவை இருப்பதால் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். ரசீதும் பதிவும் இல்லாமல் "பாங்காக் சரக்கு" என்று யாராவது காட்டினால் தொடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: நட்சத்திர ஆமை. வீட்டில் இருந்தால் பணம் சேரும் என்று நம் பக்கத்தில் வளர்க்கிறார்கள். சோறும் பிரெட்டும் போடுவார்கள். புல்லும் இலையும் தின்று வெயிலில் திரிய வேண்டிய உயிர் அது. சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் இல்லாமல் ஓடு ரப்பர் மாதிரி இளகி, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். சித்தூர் எல்லையை ஒட்டிய முட்புதர்க் காடுகளும் கல்லாங்குத்து நிலங்களும் இதன் வீடு. 2015-ல் வெளியான ஒரு ஆய்வு, ஆந்திர-கர்நாடக எல்லையில் ஒரே ஒரு வட்டாரத்திலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் எடுக்கப்படுவதாகச் சொன்னது. பெரும்பாலும் குஞ்சுகள். தலையும் காலும் உள்ளே இழுத்த நிலையில் டேப் சுற்றி, சாக்ஸுக்குள் திணித்து, சூட்கேஸில் அடுக்கி, தாய்லாந்து, மலேசியா பக்கம் விமானத்தில் போகின்றன. சென்னை விமான நிலையத்தில் இப்படி எத்தனையோ தடவை பிடித்திருக்கிறார்கள். 2019-ல் சைட்டிஸ் இதை முதல் பட்டியலுக்கு மாற்றி உலக வணிகத்தையே தடை செய்தது. அங்கே ஒருவர் மேசை மேல் வைத்து அழகு பார்ப்பதும், இங்கே ஒருவர் பீரோவுக்குக் கீழே வைத்துப் பணத்துக்குக் காத்திருப்பதும் ஒரே முட்புதரைத்தான் காலி பண்ணுகின்றன.

காட்டுக்கறி விஷயத்தில் என் தொழில் நேராகவே மாட்டுகிறது. பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், ஆலங்காயம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பன்றிக் கறி, மான் கறி என்று போனில் சொல்லி வைப்பவர்கள் இருக்கிறார்கள். கோழிக்கறியை விடப் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள். கொடுப்பவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள்தான், சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் அல்ல. பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காய் என்ன என்று தெரியாதவர்களுக்காக: தீனிக்குள் நாட்டு வெடி வைத்து உருட்டிப் போடுவார்கள், கடித்தால் வாயிலேயே வெடிக்கும். அது பன்றிதான் கடிக்க வேண்டும் என்று காத்திருக்காது. மேயப் போன ஒரு சினைப் பசுவை எனக்குக் காட்டினார்கள். கீழ்த்தாடை இரண்டாகப் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது, நாக்கில் பாதி இல்லை. அந்த மாடு கத்தவில்லை. கத்துவதற்கு வாய் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் போய் மூக்கை வைக்கும், குடிக்க முடியாமல் திரும்பும். மாட்டுக்குச் சொந்தக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "ஏதாவது பண்ணுங்க சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வலி தெரியாமல் அனுப்பி வைப்பதைத் தவிர நான் செய்ய ஒன்றுமில்லை. சங்கத்தில் பால் ஊற்றி வாரக் கடன் கட்டிக்கொண்டிருந்த குடும்பம். எங்கோ ஒருவர் கேட்ட இரண்டு கிலோ கறிக்கான விலையை அந்தம்மா கொடுத்தார்.

இப்போது கடைசிக் கேள்வி. பெரிய ஆட்கள் எங்கோ இருக்கிறார்கள் என்கிறீர்கள். பழைய வடாற்காட்டுக்காரர்கள் நாம் அப்படிச் சொல்லக் கூடாது. ஜவ்வாது மலைச் சந்தனத்துக்கு ஒரு காலத்தில் தனிப் பெயர் இருந்தது. திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கும் ஏலமும் அதற்காகவே வந்தவை. சோப்புக்கும் அத்தருக்கும் ஊதுவத்திக்கும் சிற்பத்துக்கும் கேட்பு ஏற ஏற, மலையில் வயிரம் பாய்ந்த மரமே இல்லாமல் போனது. வெட்டியவர்கள் மலைக்காரர்கள், கேஸும் அவர்கள்மேல். பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் 1992 ஜூனில், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வாச்சாத்தி கிராமத்துக்குள் வனத்துறையும் போலீஸும் புகுந்து அந்த மக்களுக்குச் செய்த கொடுமை தெரியும். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 அரசு ஊழியர்கள்மேல் வழக்கு. தீர்ப்பு வர 2011 ஆனது, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆனது. அந்தச் சந்தனத்தைக் கடைசியில் வாங்கிப் பூசியவர்களில் ஒருவர்கூட எந்தக் கோர்ட்டிலும் நிற்கவில்லை.

சந்தனம் தீர்ந்த பிறகு செம்மரம். இந்த மரம் உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான் இயற்கையாக வளர்கிறது. பெரும்பகுதி சேஷாசலம், கடப்பா, நெல்லூர் பக்கத்துக் காடுகளில். நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரம். அணு உலைக்கு வாங்குகிறார்கள், கதிர்வீச்சைத் தடுக்கும் என்று நம் ஊர்களில் பேசுவது வெறும் கதை. சீனாவில் பழைய அரண்மனைப் பாணி மேசை நாற்காலி செய்கிறார்கள், ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பு வாத்தியத்தின் தண்டு செய்கிறார்கள். பணம் படைத்தவர்களின் வீட்டு அலங்காரத்துக்குத்தான் பெரும்பகுதி. 1995 முதல் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அதாவது அனுமதி இல்லாமல் நாடு தாண்டி விற்க முடியாது.

அந்த அலங்காரத்துக்காக ஜவ்வாது மலையில் மேஸ்திரியும் ஏஜென்ட்டும் சுற்றுகிறார்கள். சாமையும் புளியும் விற்று வருடம் முழுக்கப் பார்ப்பதை ஒரு வாரத்தில் தருகிறேன் என்கிறார்கள். சிலரிடம் கட்டட வேலை என்றே சொல்லிக் கூட்டிப்போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர சிறப்புப் படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலிகள், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து மலைக் கிராமத்தவர்கள். அது மோதலே இல்லை, பிடித்துவைத்துச் சுட்டது என்று குடும்பத்தினர் சொன்னார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் வரை போனது. நான் ஜமுனாமரத்தூர் பக்கம் ஆடு பார்க்கப் போகும்போது, ஆந்திரா ஜெயிலில் கணவனை வைத்துக்கொண்டு தனியாகக் கொல்லை பார்க்கிற பெண்களைப் பார்க்கிறேன். வக்கீல் செலவுக்கு ஆட்டை விற்க வேண்டும், எவ்வளவு போகும் என்று என்னிடம் கேட்பார்கள்.

ஏன் இதை இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், எந்தச் சரக்கை எடுத்துக்கொண்டாலும் ஆள் அமைப்பு இதேதான். காட்டுக்குள் இறங்குகிறவன் ஏழை, மாட்டுகிறவன் அவன். நடுவில் இருப்பவர் ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். விலையைத் தீர்மானிப்பவர் வாங்குகிறவர் மட்டும்தான். சட்டம் கடுமையானால் சில சமயம் விலை ஏறி, ஆசையும் கூடவே ஏறுகிறது. கேட்பு விழுந்தால்தான் மேஸ்திரிக்கு மலை ஏற வேலை இல்லாமல் போகும். சீனத்துப் பணக்காரரின் நாற்காலியை உங்களால் தடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் உடும்பு எண்ணெய்க்கும் மண்ணுளிக்கும் பச்சைக்கிளிக்கும் காட்டுக்கறிக்கும் சந்தை வெளிநாட்டில் இல்லை. குடியாத்தத்திலும் வேலூரிலும் ஆம்பூரிலும்தான் இருக்கிறது. இந்தச் சந்தையில் பெரிய ஆள் நாம்தான்.

கேட்பு விழுமா என்றால், விழுந்திருக்கிறது. ஒரு காலத்தில், பாம்பு பிடிப்பதில் தேர்ந்த பழங்குடிகளான இருளர்கள் பிடித்த பாம்புகள் தோலாகிப் பெல்ட்டும் கைப்பையுமாக வெளிநாடு போயின. 1976-ல் ஏற்றுமதி தடையானது. தொழில் போன இருளர்கள் 1978-ல் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதே பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம் போகிறது. அலங்கு என்கிற எறும்புத்தின்னியின் செதிலைச் சீன மருந்தில் சேர்ப்பதற்காக உலகம் முழுக்கக் கொன்றார்கள். நம் மலைகளிலும் பிடித்து விற்றிருக்கிறார்கள். அந்தச் செதில் நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனது. பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி போடுகிற பிராணி. 2020-ல் சீன அரசே தன் மருந்துப் பொருள் பட்டியலிலிருந்து செதிலை எடுத்தது. கள்ள வியாபாரம் அதோடு நின்றுவிடவில்லை. ஆனாலும் ஆயிரம் வருட நம்பிக்கையிலிருந்து ஒரு அரசே இறங்கி வந்திருக்கிறது. நம் வீட்டு நம்பிக்கைகள் அவ்வளவு பழையவையும் அல்ல.

புரோக்கரின் நம்பரையும் அவர் அனுப்பிய வீடியோவையும் அழிக்க வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லுங்கள். வேலூர் மாவட்ட வன அலுவலகத்திலோ பக்கத்து வனச்சரகத்திலோ கொடுக்கலாம். ஆன்லைன் விளம்பரமாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சென்னையிலிருக்கிற வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவின் தென்மண்டல அலுவலகத்துக்கு அனுப்பலாம். தகவல் கொடுத்தவரின் பெயரை வெளியே விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். குற்றம் நிரூபணமானால் அபராதத்தில் ஒரு பங்கை உதவியவருக்கு வெகுமதியாகத் தர நீதிமன்றத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாங்குவது போல நடித்து நாமே பிடித்துக் கொடுக்கலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். இளைஞர்கள் நல்லெண்ணத்தில் இதைச் செய்கிறார்கள். நீங்கள் விலை கேட்ட அன்றைக்கே, அந்த ஆர்டருக்காக ஒருவர் டார்ச் லைட்டும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்.